அவர் வைத்த தேதி

எங்கள் அலுவலகத்தில் அவர் தப்புச் செய்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. நாளுக்கு ஒன்றாவது செய்வார். அதைத் தப்பு என்று அவர் ஒத்துக்கொண்டுதான் யாரும் பார்த்ததில்லை.

"அப்படித்தான் வச்சேன்" என்பார். அத்துடன் பேச்சு முடிந்தது.

தில்லியில் முனிர்காவை ஒட்டிய பெரிய பல்கலைக்கழகத்தில், உணவு, வேளாண்மை பற்றிய ஓர் ஆய்வு மையத்தில் அவர் செக்‌ஷன் ஆபீசர். நான் அங்கே ஒரு திட்டத்தில் தற்காலிக ஆய்வாளர். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகித் தில்லிக்கு வந்தவர். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஜனக்புரியில் குடியிருந்தார். அக்டோபர் பிறந்ததும் அரக்குக் கலர் ஸ்வெட்டர் ஒன்றை மாட்டினால் ஹோலிக்குத்தான் கழற்றுவார். நான் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடு. பஸ் ஸ்டாப்ல அக்கான்னு கூப்பிடு. மாத்திக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். ஒரு முறை பஸ் ஸ்டாப்பில் நான் வாய் தவறி மேடம் என்று கூப்பிட்டுவிட, பஸ் வரும்வரை அவர் முகம் சாலைப் பக்கமே இருந்தது.

ஊரில் எல்லோரும் தாளின் இடது மூலையில் ஸ்டேப்ளர் அடித்தால் இவர் வலது மூலையில் அடிப்பார். புரட்டிப் படிப்பதற்குள் உயிர் போய்விடும். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"மேடம், இது எதிர்ப்பக்கமா இருக்கே?"

"அப்படித்தான் குத்தினேன். இடது கையில டீ கிளாஸ் இருக்கும். வலது கையாலதானே புரட்டணும்?"

நானும் டீ கிளாஸை இடது கையில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தேன். டீ மடியில் கொட்டியது. அதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்திருக்கும், நான் கேட்கவில்லை.

இன்னொரு நாள் ஜனக்புரிக்கு என்று நினைத்து கரோல் பாக் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். கூடவே நானும் ஏறியிருந்தேன், அவர் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்ததால். பாதி வழியில் எனக்கே தெரிந்துவிட்டது. கண்டக்டரும் சொல்லிவிட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கரோல் பாக்ல ஒரு குடை வாங்கணும்" என்றார். நிஜமாகவே இறங்கிப் போய்க் குடை வாங்கினார். மழை பெய்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர ஏழரை மணி. அவர் கணவர் வங்கியில் இருந்தவர், அதிகம் பேசாதவர். கதவைத் திறந்து குடையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வாம்மா. எங்களுக்கு இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வழி தப்பினதில்ல. அங்கங்க சுத்திப் பார்த்திருக்கோம், அவ்வளவுதான்" என்றார்.

அடுக்களைக்குப் போயிருந்த அக்கா அங்கிருந்தே, "என்ன அங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல, குடை நல்லா இருக்குன்னேன்."

அன்றிரவு சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்படித்தான் போட்டாராம், அப்பளத்துக்கு உப்பில்லை என்பதால். நாங்கள் மூன்று பேரும் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டோம். இதையெல்லாம் நான் ஹாஸ்டலில் இருந்த தோழிகளிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆனால் எல்லாமே சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை. எங்கள் தட்டச்சாளர் இமயமலைப் பக்கத்து ஒரு கட்வாலிப் பெண். மாமனார் இறந்ததற்கு ஊருக்குப் போக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால், விடுப்புச் சீட்டே வரவில்லை, சொல்லாமல் போய்விட்டாள் என்று கோப்பில் ஏறியிருந்தது. அந்தப் பெண் அழுதாள். மேசை மேல் வைத்ததாகச் சத்தியம் செய்தாள். இவர் அசையவில்லை. "என் மேசைக்கு வந்திருந்தா எனக்குத் தெரியாதா?" என்று ஒரே பேச்சு.

இரண்டு வாரம் கழித்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே, அந்தச் சீட்டு அவர் மேசை இழுப்பறைக்குப் பின்னாலிருந்து கசங்கி வெளியே வந்தது. அவர் அதை நீவினார். படித்தார். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் கோப்பில் அது முறையாக ஏறி, விடுப்பு அனுமதிக்கப்பட்டு, எல்லாம் சரியாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுதும் அவள் இவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்காமல் போன காலம் அதுதான். ஒரு சின்னச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு எப்படித் தூக்கம் வருகிறது இந்த மனுஷிக்கு என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருஷம் எங்கள் மையம் சர்வதேச உணவுப் பாதுகாப்புப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துவதென்று முடிவானது. இயக்குநர் உத்தரப்பிரதேசத்துக்காரர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவருக்கு இந்தக் கருத்தரங்கில் ஒரு ஆசை இருந்தது. முதல் நாள் மதியம், வருகிற நாடுகளின் தானியங்களையெல்லாம் சமைத்து ஒரு விருந்து. கம்பு, கேழ்வரகு, சோளம், அரிசி, கோதுமை என்று நீளமான மேசையில் வைத்து எல்லா நாட்டுக்காரர்களும் சேர்ந்து சாப்பிடவேண்டும். அதைப் படம் பிடித்து அறிக்கையின் அட்டையில் போடவேண்டும்.

தேதி பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அக்டோபரில் ஒரு வியாழன், வெள்ளி பார்த்து வைக்கும்படி இயக்குநர் செக்‌ஷனுக்குக் குறிப்பு அனுப்பியிருந்தார். செக்‌ஷன் ஆபீசர் அப்போது ஊரில் இல்லை; மகளுக்குப் பிரசவம் என்று தஞ்சாவூர் போயிருந்தார். நான் சுவரில் இருந்த அரசாங்க விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். தசரா எந்த நாள், ஈத் எந்த நாள், தீபாவளி எந்த நாள் என்று பென்சிலால் வட்டம் போட்டேன். எங்கள் அம்மா கோவில்பட்டியிலிருந்து அனுப்பிய தினசரி காலண்டர் முனிர்காவில் என் வாடகை அறையில் தொங்கியது. அதையும் கிழிக்காமல் தூக்கிப் பார்த்து, சரஸ்வதி பூஜை நாளையும் விலக்கினேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வியாழன், வெள்ளி காலியாக இருந்தது. நவராத்திரியின் மூன்றாம் நாள், நான்காம் நாள். அதனாலென்ன? எங்கள் வீட்டில் நவராத்திரி என்றால் கொலு, பாட்டு, சுண்டல். சாயங்காலச் சமாசாரம். பகலில் கருத்தரங்கு நடத்த என்ன தடை?

செக்‌ஷன் பெயரில் போன அந்தத் தேதியில் இயக்குநர் சரியாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். கடிதங்கள் போயின. செக்‌ஷன் ஆபீசர் திரும்பி வரும்போது ஏழெட்டு நாடுகளிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. அவரும் தேதியைப் பார்த்தார். "கொலு நேரம். வெளிநாட்டுக்காரங்களைச் சாயங்காலம் ஜனக்புரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று சந்தோஷப்பட்டார். அவர் வீட்டிலும் நவராத்திரி சுண்டல்தானே.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டரிங்காரர் வந்தார். லாஜ்பத் நகர் பக்கத்துப் பஞ்சாபி. கையில் சின்ன நோட்டு.

"மேடம், விரத் வாலி தாளி எத்தனை போடணும்?"

விரதச் சாப்பாடா, எதற்கு என்று கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நவராத்ரே ஜி! ஒன்பது நாள் யாரு அரிசி, கோதுமை தொடுவாங்க? என் சமையல்காரனே தொடமாட்டான். எல்லாருக்கும் குட்டு மாவு, அது தானியத்துல சேராது, உருளைக்கிழங்கு, பழம். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. சாதா உப்புகூடக் கிடையாது, பாறை உப்புதான்."

தில்லியில் நவராத்திரி என்றால் விரதம். ஒன்பது நாளும் தானியம் கிடையாது. முனிர்காவில் மூன்று வருஷம் இருந்தும் எனக்கு இது உறைத்ததே இல்லை. வீட்டுக்காரம்மா அந்த நாட்களில் எனக்கு ரொட்டி கொடுக்கமாட்டாள், ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வேன். தானிய விருந்து வைக்கப்போகிறோம், தானியமே தொடாத நாளில்.

அதை ஜீரணிப்பதற்குள் மத்தியானம் சூடானிலிருந்து ஒரு மின்னஞ்சல். மிகவும் மரியாதையான மனிதர். தமக்கும் வங்கதேச நண்பர்களுக்கும் ரம்ஜான் நோன்பு என்பதால் மதிய உணவு வேண்டாம், எங்களுக்குச் சிரமம் தரவேண்டாம், சூரியன் மறையும்போது நோன்பு திறக்க ஒரு சின்ன இடம் மட்டும் கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தார். அந்த வருஷம் இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. நான் ஈத் எந்த நாள் என்று பார்த்தேனே தவிர, அதற்கு முன்னால் ஒரு மாசம் நோன்பு இருக்கும் என்று யோசிக்கவில்லை. விடுமுறைப் பட்டியலில் பண்டிகை இருக்கும், பட்டினி இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உணவுப் பாதுகாப்புக் கருத்தரங்கின் மதிய விருந்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சாப்பிடமாட்டார்கள். சிரிப்பு விஷயமில்லை. என் திட்டத்தை நீட்டிப்பதா முடிப்பதா என்று கருத்தரங்கு முடிந்ததும் இயக்குநர் எழுதவேண்டும். முடித்துவிட்டால் முனிர்கா அறை இல்லை. அறை இல்லையென்றால் பாதியில் நிற்கும் ஆய்வும் இல்லை. கோவில்பட்டிக்கு ரயிலேற வேண்டியதுதான்.

மறுநாள் காலை கூட்டம். இயக்குநர், இரண்டு பேராசிரியர்கள், தட்டச்சாளர், நான், அவர். கேட்டரிங்காரர் வாசலில் நின்றார். இயக்குநரே ஒன்பது நாளும் விரதம் இருப்பவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அட்டைப் படத்தில் நடுவில் நிற்கவேண்டியவர். அவர் குரல் தரையைத் தொட்டது.

"இந்தத் தேதியை வைத்தது யார்?"

எழுந்து நின்று சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். இதோ சொல்கிறேன், இதோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் செக்‌ஷன் ஆபீசரைப் பார்த்தார்கள். தட்டச்சாளர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அப்படித்தான் வைத்தோம், உண்ணாமல் இருப்பவர்களும் உணவுப் பாதுகாப்புக்குள்தானே வருகிறார்கள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார் என்று நானும் நம்பினேன். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்தி மேரி ஹை, சார்" என்றார். "தப்பு என்னோடது. நான்தான் வச்சேன். கவனிக்கல."

சொல்லத் தெரியாமல் சொன்னார். புது மொழியில் பேசுகிறவர்போல் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. கழுத்து சிவந்திருந்தது. இயக்குநர் திட்டத் தயாராக வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. கடைசியில், "இனி என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினேன். பிறகு பார்த்தால் அன்றைய கிழமையை நாலு தடவை எழுதியிருந்தேன்.

மேடம் கேட்டரிங்காரரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். மதிய விருந்து ரத்து. சாப்பிடுகிறவர்களுக்குப் பின்கட்டு அறையில் எளிய சாப்பாடு. பெரிய விருந்து சாயங்காலத்துக்குப் போனது, சூரியன் மறையும் நேரத்துக்கு. விரதக்காரர்களில் பாதிப் பேர் விளக்கேற்றிய பிறகுதான் சாப்பிடுவார்கள். நோன்புக்காரர்களும் அப்போதுதான் திறப்பார்கள். ஒரே மேசை. ஒரு பக்கம் பேரீச்சம்பழமும் பழங்களும் குட்டுப் பூரியும், மறு பக்கம் தானியங்கள். நடுவில் யாரும் எதையும் கலக்காமல் இருக்கத் தனித்தனிக் கரண்டி. பாறை உப்பு எது, சாதா உப்பு எது என்று கேட்டரிங்காரரிடம் மூன்று தடவை கேட்டுக்கொண்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வியாழன் சாயங்காலம் நன்றாகவே நடந்தது. புல்வெளியில் விளக்கு போட்டிருந்தார்கள். பாங்கு சொல்லும் சத்தம் தூரத்தில் கேட்டதும் சூடான்காரர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் எங்கள் இயக்குநரிடம் நீட்டினார். இரண்டு பட்டினிக்காரர்களும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள். படம் பிடிக்கிறவர் அதை எடுத்தார். பிறகு அறிக்கையின் அட்டையில் அதுதான் வந்தது.

செக்‌ஷன் ஆபீசர் தம் வீட்டுக் கொலுவிலிருந்து ஒரு பெரிய தூக்கு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டு வந்திருந்தார். விரதக்காரர்கள் பக்கம் போய் முதல் கரண்டியை எடுத்ததும் கேட்டரிங்காரர் ஓடி வந்தார்.

"மேடம், சனா நஹீன்! விரதத்துல கடலை, பருப்பு எதுவும் ஆகாது."

மேடம் தூக்கை அப்படியே தூக்கிக்கொண்டு மேசையின் அடுத்த பக்கம் போனார். வங்கதேசக்காரர்களுக்கு நோன்பு திறக்கக் கடலை இல்லாவிட்டால் ஆகாதாம். இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டார்கள். தேங்காய் போட்டு இப்படி ஒன்றைத் தின்றதே இல்லை என்றார் ஒருவர்.

"இவங்களுக்காகத்தானே கொண்டு வந்தேன்" என்றார் என்னிடம். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சுண்டல் பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கருத்தரங்கு நன்றாக முடிந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தேன். அலுவலகம் மறக்காது. தீபாவளி முடிந்ததும் அவருக்கு ஒரு மெமோ வந்தது. தேதி நிர்ணயத்தில் கவனக்குறைவு என்று ஒரு பத்தி. நிரந்தர ஊழியரை அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் உதவிப் பதிவாளர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. அவர் ஆறு வருஷமாகக் காத்திருந்த பதவி. மெமோ இருக்கிற கோப்பை யாரும் மேலே அனுப்பமாட்டார்கள். அனுப்பவும் இல்லை. என் திட்டம் மட்டும் இரண்டு வருஷம் நீண்டது.

மெமோ வந்த அன்றே நான் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எழுத நாலு நாள் ஆனது. என் நீட்டிப்பு உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தேதியை வைத்தது நான், அந்த வாரம் செக்‌ஷன் ஆபீசர் விடுப்பில் இருந்தார், மெமோவை ரத்துசெய்ய வேண்டுகிறேன் என்று நாலே வரி. இயக்குநருக்குப் போகிற எந்தத் தாளும் செக்‌ஷன் ஆபீசர் மேசை வழியாகத்தான் போகவேண்டும் என்பது விதி. அவர் எழுந்துபோன நேரம் பார்த்து, தட்டில் மற்றத் தாள்களுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரத்தில் கடிதம் என் மேசைக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், அவருடைய உருண்டையான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருந்தது: விவரம் தவறு. மேற்படி வாரம் நான் அலுவலகத்தில் இருந்தேன். திருப்பப்படுகிறது. கீழே சுருக்கொப்பம், தேதி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"அக்கா, அந்த வாரம் நீங்க தஞ்சாவூர்ல இருந்தீங்க. பேரன் பிறந்தான்."

"ஆபீஸ்ல மேடம்."

"மேடம், லீவு ரெஜிஸ்டர்லயே இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

"ரெஜிஸ்டர் என் பீரோல இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு." அவர் நிமிரவில்லை; ஏதோ கோப்பின் வலது மூலையில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். "தேதி வச்சது நான். எல்லார் முன்னாடியும் சொன்னேன். இப்ப நீ என்ன சொல்ற? நான் சொன்னது தப்புங்கிறியா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த அலுவலகத்தில் யாரும் அவரிடம் ஆமாம் என்று சொல்லத் துணியாத கேள்வி அது. அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இயக்குநரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எந்த மேசையையும் தொடாமல் நேராக நடந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். விதி தாளுக்குத்தான், வாய்க்கு இல்லை.

"இல்ல மேடம்" என்றேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.